மெஸ்ஸில் ஏறும் சர்க்கரை பிராங்க்பர்ட்டில் இறங்குவது ஏன்?

கேள்வி: வயது 48, கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறேன். கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் எடுக்கிறேன். ஊரில் மதியம் மெஸ், சில இரவுகளில் பரோட்டா. சர்க்கரை 280 வரை போகிறது. ஜனவரியில் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு பிராங்க்பர்ட் போனபோது, பையர்களோடு இரவு விருந்தில் வேர்த்து, கை நடுங்கி, 58-க்கு இறங்கிவிட்டது. அடுத்து வியட்நாம் போக வேண்டும். அதே மாத்திரைதானே, ஏன் இப்படி?

மருத்துவர் பதில்: காரணம் கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். மெட்ஃபார்மின் தனியாக இப்படி இறக்குவது அபூர்வம்.

ஓட்டலில் 7 மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். அங்கே விருந்தில் 8 மணிக்கு உட்கார்ந்தால் முதலில் சாலட், பேச்சு. முக்கிய உணவு வர 9 ஆகும். வந்தாலும் பெரும்பகுதி இறைச்சி, மாவுச்சத்து கொஞ்சம். பகல் முழுக்க அரங்கு அரங்காக நடந்த நடையும் சேர்ந்திருக்கும். பீர் குடித்திருந்தால் இன்னும் மோசம்: மதுவைக் கையாளும் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைக் குறைத்துவிடும், தூக்கத்திலும் இறங்கலாம். இந்திய நேரப்படி எடுப்பதும் தவறு. குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு 4½ மணி நேரம் பின்னால். இங்கே இரவு 8.30 என்றால் அங்கே மாலை 4.

மாத்திரையைச் சட்டைப் பையில் கொண்டுபோய், முக்கிய உணவு மேசைக்கு வந்தபின் விழுங்குங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் (15 கிராம்) அல்லது சாதாரண கோலா 150 மி.லி. குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். சரியானதும் ரொட்டியோ சோறோ கட்டாயம் சாப்பிடுங்கள். இந்த மருந்தின் வேகம் ஒரு நாள் வரை நீடிக்கும், மறுபடி இறங்கும். படுக்கும் முன்னும் ஒருமுறை பாருங்கள். பயணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் இந்த 58-ஐச் சொல்லுங்கள். கிளிமிபிரைடைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி ஊர் மெஸ். ஒரு கப் சோற்றில் (150 கிராம்) சுமார் 40 கிராம் மாவுச்சத்து. குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று என்றால் ஒரே வேளையில் 120. இந்த இடத்தில்தான் 280 வருகிறது. சோற்றை ஒன்றேகால் கப்போடு நிறுத்தி, கொள்ளுப் பருப்பையும் பொரியலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். ரசத்தை டம்ளரில் குடிக்கலாம். அசைவம் என்றால் பள்ளிபாளையம் சிக்கன் நல்ல தேர்வு. சில்லி சிக்கன்போல மைதா, சோள மாவுப் பூச்சு அதில் இல்லை. தள்ளுவண்டிக் காளானைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் முட்டைக்கோசோடு மைதாவும் எண்ணெயும்தான் அதிகம்.

பரோட்டா ஏமாற்றும். எண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் அளவு பரவாயில்லை போலத் தெரியும். நள்ளிரவில் ஏறி, காலை வெறும் வயிற்றிலும் இறங்காமல் நிற்கும். பரோட்டா சாப்பிட்ட இரவில் நான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை சோதித்தால் உங்களுக்கே புரியும். ஒரு பரோட்டாவும் இரண்டு முட்டை ஆம்லெட்டும் போதும்.

வியட்நாமில் சூடாக ஆவி பறக்க வரும் சூப் நூடுல்ஸ் பாதுகாப்பானது; கூடத் தட்டில் வரும் பச்சை இலைகளையும் ஐஸையும் தவிருங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். தூளில் இனிப்பு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவன அளவுப்படியான 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கலக்கினால் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். டப்பாவில் வரும் பழச்சுவை பானங்கள் அதற்கு ஈடாகாது. வாந்தியும் பேதியும் கடுமையாகி நீர் வற்றினால் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும், சிறுநீரகம் தளர்ந்து ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும். சாப்பிட முடியாதபோது கிளிமிபிரைடும் ஆபத்து. இரண்டும் ஒரே மாத்திரையில் இருப்பதால், அதை நிறுத்திவிட்டு அன்றே உங்கள் மருத்துவரை போனில் அழையுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைதல் இருந்தால் அங்கேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாத்திரை, மருந்துச் சீட்டு, சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போடாதீர்கள்.