டீசலா பெற்றோலா: பிக்கப் வாங்குவோருக்கு வாகனக் கேள்வி பதில்

கேள்வி (விசுவமடு வாசகர்): தோட்டத்து மரக்கறியும் கச்சானும் கிளிநொச்சிச் சந்தைக்கு ஏற்ற ஒரு சிங்கிள் கப் (முன்னால் ஒரு வரிசை இருக்கை மட்டும் உள்ள பிக்கப்) பார்க்கிறேன். பாரம் 500, 600 கிலோ. போக வர 45 கிலோமீற்றர், கிழமைக்கு 5 நாள். டீசல் ரொயோற்றா ஹைலக்ஸ் ஒன்றும், அதைவிட 10 இலட்சம் ரூபா குறைவாக 2.7 லீற்றர் பெற்றோல் ஹைலக்ஸ் ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. "பாரம் ஏத்துறதெண்டால் டீசல்தான்" என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: பெற்றோலை எடுங்கள். உங்கள் ஓட்டம் வருடத்துக்கு 12,000 கிலோமீற்றரைத் தாண்டாது. அந்த ஓட்டத்தில், டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 10 இலட்சம் உங்கள் கைக்குத் திரும்பி வராது.

எரிபொருள் விலை அடிக்கடி மாறுவதால், கணக்குப் போடும் முறைக்காக மட்டும் பெற்றோல் 300 ரூபா, டீசல் 280 ரூபா என்று வைப்போம். பாரத்தோடு பெற்றோல் லீற்றருக்கு 8 கிலோமீற்றர், டீசல் 11 கிலோமீற்றர் ஓடினால், ஒரு கிலோமீற்றருக்குப் பெற்றோலில் ஏறக்குறைய 37 ரூபா 50 சதமும் டீசலில் 25 ரூபா 50 சதமும் போகும். மிச்சம் 12 ரூபா. டீசல் எஞ்சினுக்கு ஒயில் கூட வேண்டும், பில்டர் அடிக்கடி மாற்ற வேண்டும், இஞ்செக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) செலவு என்றோ ஒருநாள் வரும். அதற்காக 2 ரூபாவைக் கழித்தால் மிஞ்சுவது 10 ரூபா. 10 இலட்சத்தை மீட்க 1 இலட்சம் கிலோமீற்றர் ஓட வேண்டும். உங்களுக்கு அது எட்டு வருடத்துக்கு மேல். மாதம் 4,000 கிலோமீற்றர் தம்புள்ளைக்கு ஓடுகிறவருக்கோ இரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூட. அவர் கண்ணை மூடிக்கொண்டு டீசல் எடுக்கலாம். லீசிங்கில் எடுப்பதானால் கூடுதல் 10 இலட்சத்தின் வட்டியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஊரார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2.7 லீற்றர் பெற்றோல் ஹைலக்ஸ் 241 நியூற்றன் மீற்றர் இழுவை தருகிறது, ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,800 சுற்று வரும்போதுதான் அது முழுதாகக் கிடைக்கும். 3 லீற்றர் டி-4டி டீசலில் 343 நியூற்றன் மீற்றர், அதுவும் 1,400 சுற்றிலேயே. மலைநாட்டில் இந்த வித்தியாசம் பெரிது. வன்னி தட்டை நிலம். ஏ-9 வீதியிலும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலும் 600 கிலோவுக்குப் பெற்றோல் எஞ்சின் திணறாது. வித்தியாசம் தெரிவது காலபோகத்தில் வயலுக்குள் இறங்கி நெல்மூடை ஏற்றும்போதும், கடற்கரை மணலில் படகு இழுக்கும்போதும்தான். அங்கே பெற்றோல் வண்டியை எழுப்ப அக்சிலேற்றரை மிதித்துக் கிளச்சைப் பாதி விட்டு ஓட்டுவார்கள். ஒரு போகத்துக்குள் கிளச் பிளேற் கருகிவிடும். உங்கள் தோட்ட வாசல்வரை கிரவல் வீதி இருந்தால் இந்தக் கவலை வேண்டாம். சேறுதான் பிரச்சினை என்றால், டீசலா பெற்றோலா என்பதற்கு முன் நான்கு சக்கர இழுவையும் லோ கியரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்படியும் டீசல்தான் என்று முடிவெடுத்தால் இன்னொரு தெரிவு உண்டு. 3எல், 5எல் போன்ற பழைய எஞ்சின்களில் டீசல் பம்ப் முழுக்க இயந்திர வேலை. உள்ளூர்க் கராஜிலேயே பார்த்துக்கொள்ளலாம். 2கேடி, 1கேடி போன்ற கொமன் ரெயில் எஞ்சின்கள் (எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும், கணினி கட்டுப்படுத்தும்) இழுவையிலும் சிக்கனத்திலும் மேல். ஆனால் பழுதென்றால் ஸ்கானரும் இஞ்செக்டர் சோதிக்கும் மேசையும் உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பட்டணத்திலிருந்து தள்ளி இருப்பவருக்குப் பழைய எஞ்சினே நிம்மதி.

கேள்வி (மல்லாவி வாசகர்): யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடினவைதானே. இப்ப டீசல் கப்புக்குப் பாதிக்குப் பாதி கலந்தால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். அன்று ஓடியவை கார்பரேற்றர் வைத்த பழைய பெற்றோல் எஞ்சின்கள். அவற்றின் அமுக்க விகிதம் (பிஸ்ரன் உள்ளே இருப்பதை எத்தனை மடங்கு சுருக்கி அமுக்குகிறது என்பது) 7, 8 மடங்குதான். கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்போதும் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியது, பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்தன. வேறு வழியில்லாத காலத்தில் சனம் உயிர் காக்கச் செய்த வேலை அது.

டீசல் பம்புக்கு வேறு எண்ணெய் போடுவதில்லை. அதற்குள் ஓடும் டீசலேதான் அதற்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. கொமன் ரெயில் பம்ப் 1,300 பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்கிறது. உங்கள் ரயரில் இருக்கும் காற்று 2, 3 பார்தான். அவ்வளவு அழுத்தத்தில் உலர்ந்து உரசினால் பம்புக்குள் உலோகத் தூள் உதிரும். அந்தத் தூள் நேரே நாலு இஞ்செக்டருக்கும் போகும். பிறகு பம்ப், ரெயில், இஞ்செக்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எத்தனை மாதம் கலந்து மிச்சம் பிடித்த காசும் அதற்குக் காணாது.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகி): எங்கள் டீசல் வண்டி காலையில் நெடுநேரம் சுற்றித்தான் ஸ்ராட் ஆகிறது. ஓடும்போது இடைக்கிடை இழுவை விழுகிறது. கராஜில் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: பம்பைத் தொட முன் மூன்று விடயம் பாருங்கள். முதலில் சைலன்சர் புகை. சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. ஹீற்றர் பிளக் (ஸ்ராட் பண்ண முன் எஞ்சினுக்குள் சூடேற்றுவது) செத்திருக்கும். மல்ற்றிமீற்றரால் ஒவ்வொரு பிளக்காக அளக்கச் சொல்லுங்கள். நல்ல பிளக் 1, 2 ஓமுக்குள் காட்டும். வாசிப்பே இல்லாதது செத்தது. சில பிளக்குகள் 12 வோல்ற்றுக்குக் குறைந்தவை, அவற்றைப் பற்றரியில் நேரே பிடித்துச் சோதித்தால் எரிந்துவிடும். இரண்டாவது குழாய். புகையே இல்லாவிட்டால் டீசல் வரவில்லை என்று அர்த்தம். இரவு நின்றபோது குழாய் இணைப்பு எதிலோ காற்று நுழைந்து டீசல் தாங்கிக்கு இறங்கியிருக்கும். குழாய்க் கிளிப்புகளையும் பில்டர் மேலுள்ள கைப்பம்பின் ரப்பரையும் பாருங்கள்.

மூன்றாவது தண்ணீர். இழுவை விழுவதற்கு எங்கள் சந்தேகம் இதில்தான். எஞ்சினை நிறுத்தி, டீசல் பில்டரின் அடியில் உள்ள சிறு பிளாஸ்ரிக் திருகுக்குக் கீழே கண்ணாடிப் போத்தல் ஒன்றைப் பிடியுங்கள். திருகை இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். மேலே உள்ள கைப்பம்பைப் பத்துத் தடவையளவில் அமுக்கினால் அடியில் தங்கியது வெளியே வரும். போத்தலைச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகவும், டீசல் மேலேயும் கோடு போட்டதுபோல் நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்து, திருகைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு பிடித்தால் பிளாஸ்ரிக் மரை உடைந்து அங்கிருந்தே காற்றும் நுழையும். பிறகு கைப்பம்பு கல்லுமாதிரி இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள்.

மழைக்காலத்தில் மாதம் ஒருதரம் இதைச் செய்தால் இஞ்செக்டர் துருப்பிடிக்காது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கானிலும் பரலிலும் சேர்த்துவைத்த பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கான் டீசலை ஒரு இரவு அசையாமல் விட்டு, அடியில் இரண்டு அங்குலத்தை மிச்சம் விட்டே ஊற்றுங்கள். பருத்தித் துணியால் வடிக்க வேண்டாம், நூல் உதிரும். எரிபொருள் நிலையத்தில் பவுசர் இறக்கும் நேரத்தில் அடிப்பதையும் தவிருங்கள், அடிமண்டி கலங்கி வரும். டீசல் பில்டரை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது எங்கள் புழுதிக்குச் சரி.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): குளம் வான் பாயும்போது வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது. டீசல் வண்டி என்றால் பயமில்லாமல் இறங்கலாம் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. டீசலில் தீப்பொறி பிளக்கும் கொயிலும் இல்லை, அவை நனைந்து எஞ்சின் நின்றுபோகும் என்ற பயமில்லை. ஆனால் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்தால் டீசலுக்குத்தான் சேதம் கூட. டீசலில் அமுக்க விகிதம் 16 முதல் 22 மடங்கு. பிஸ்ரன் மேலே வரும்போது எஞ்சும் இடம் மிகச் சிறியது, தண்ணீரை அமுக்கவும் முடியாது. ஒரு சிறு குவளைத் தண்ணீரே பிஸ்ரனைத் தாங்கும் கொனெக்ரிங் ரொட்டை வளைத்துவிடும். சக்கரத்தின் நடு மட்டத்துக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்க வேண்டாம். நடுவில் நின்றுவிட்டால் திறப்பைத் திருப்பவே கூடாது. இழுத்து வெளியே எடுத்து, ஹீற்றர் பிளக்குகளையோ இஞ்செக்டர்களையோ கழற்றிவிட்டுச் சுற்றவைத்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்ராட்.

கேள்வி (மாங்குளம் வாசகர்): பாவித்த 1கேடி ஹைலக்ஸ் வாங்கப் போகிறேன். எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

பதில்: எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஆறிய நிலையில் "டக் டக்" என்ற கனத்த சத்தமும் நடுக்கமும் இருந்தால் இஞ்செக்டர் சந்தேகம். இந்த எஞ்சினில் இஞ்செக்டருக்கு அடியில் உள்ள செப்பு வொஷர் கசிவது தெரிந்த வியாதி. கசிந்த புகைக்கரி ஒயிலில் கலந்து, ஒயில் பான் அடியில் உள்ள வலையை அடைக்கும். ஒயில் அழுத்தம் விழுந்தால் முதலில் ரேபோ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) போகும், அடுத்தது எஞ்சின். ஆகவே ஒயில் பானைக் கழற்றி வலையைப் பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். அடுத்தது ரைமிங் பெல்ற் (வால்வுகளைப் பிஸ்ரனோடு ஒரே தாளத்தில் இயக்கும் பட்டி). 1,50,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி ஹெட் நாசம். மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்து, பெல்ற், ரென்சனர், கூலி மூன்றையும் விலையில் கழித்து, முதல் பாரம் ஏற்றுமுன் மாற்றிவிடுங்கள்.