அழுத்தினால் சத்தமில்லை: மிடி கீபோட் கேள்வி-பதில்

புதிய 49 கீ மிடி கீபோட்டை லப்டொப்பில் செருகினேன். விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை. பழுதா? (சுன்னாகம்)

பழுதில்லை. ஓர்கனைப் போல இதற்குள் ஒலி கிடையாது. எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற செய்தியை மட்டும் அனுப்பும். ஒலி எழுப்புவது கொம்பியூட்டரிலுள்ள மென்பொருள். அது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் என்றால், பிரிபரன்சஸில் மிடி பட்டியலுக்குப் போய் உங்கள் கீபோட்டின் இன்புட்டை எனேபிள் ஆக்குங்கள். ஒரு ட்ராக் திறந்து, அதில் ரியாசிந்த் போன்ற வாத்தியமொன்றைப் போட்டு, இன்புட்டை மிடி என மாற்றி, அந்த ட்ராக்கின் சிவப்பு ரெக்கோட் பட்டனையும், வாசிப்பதை உடனே கேட்கவைக்கும் மொனிட்டர் பட்டனையும் ஓன் செய்யுங்கள். அநேகர் மறப்பது கடைசி இரண்டையும்தான்.

கீபோட்டின் பெயரே பட்டியலில் இல்லையென்றால் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரே செருகிப் பாருங்கள். பெயர் இருந்தும் திறக்க மறுத்தால் வேறொரு மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். விண்டோஸில் இது வழமை.

அழுத்திச் சற்றுப் பிந்தித்தான் ஒலி கேட்கிறது. (மானிப்பாய்)

புளூடூத் ஹெட்போன் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். எந்த செட்டிங்கும் அந்தத் தாமதத்தைத் தீர்க்காது. வயர் ஹெட்போனிலும் பிந்தினால், ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் ஏசியோ டிரைவருக்கு மென்பொருளின் ஓடியோ செட்டிங்கில் மாறுங்கள். தனி ஓடியோ இன்டர்பேஸ் (வெளியே பொருத்தும் ஒலிப்பெட்டி) இல்லாதவர்களுக்கு இலவச ஏசியோ4ஓல் போதும். பிறகு பஃபரை, அதாவது ஒலியை வெளிவிடுமுன் சேர்த்துவைக்கும் சாம்பிள்களின் (ஒலித்துணுக்குகளின்) எண்ணிக்கையை, குறையுங்கள். செக்கனுக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 1024 பஃபர் ஏறத்தாழ 23 மில்லிசெக்கன், 128 என்றால் 3 மில்லிசெக்கன். வெடிப்புச் சத்தம் வந்தால் லப்டொப் திணறுகிறது, 256க்கு ஏற்றுங்கள். ஏசியோ4ஓல் இயங்கும்போது யூடியூப் மௌனமாகிவிடக் கூடும், பயப்பட வேண்டாம்.

ஐந்தரைக் கட்டையில் பாடுகிறேன். ஒரு கட்டையில்தான் வாசிக்கத் தெரியும். கமகமும் வருமா? (மருதனார்மடம்)

ஒரு கட்டை சி, ஐந்தரை ஜி ஷார்ப். இடையில் 8 அரைச்சுரம். சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸை +8 வையுங்கள், அல்லது ஒரு ஸ்தாயி கீழே -4. கீபோட், மென்பொருள் இரண்டில் ஒன்றில் மட்டும் மாற்றுங்கள்; இரண்டிலும் மாற்றினால் சுருதி எங்கோ போய்விடும். கீயைப் பிடித்தபடி மாற்றுவதும் வேண்டாம், சில மாடல்களில் சுரம் நிற்காமல் ஒலிக்கும்.

கமகத்துக்கு, சுரத்தை வளைக்கும் பிச் பெண்ட் சக்கரம் உண்டு. அதன் எல்லை பெரும்பாலும் ±2 அரைச்சுரம். மென்பொருள் வாத்தியத்திலேயே கூட்டலாம். கூட்டக் கூட்டச் சிறு அசைவும் பெரிதாகும் என்பதால் பழகும்வரை 2 போதும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவுக்கு இது சரி. தோடி ராகத்தின் அசைந்தாடும் காந்தாரத்தை இதில் தேடினால் ஏமாற்றம்தான்.

ஒரு கீ மட்டும் மெல்ல அழுத்தினாலும் அலறுகிறது. (பருத்தித்துறை)

ஒவ்வொரு கீயின் கீழும் இரண்டு தொடுமுனைகள். ஒன்று பட்டு மற்றது படும்வரையான இடைவெளியை வைத்தே வேகம் கணிக்கப்படுகிறது. தூசி படிந்தால் கணக்குப் பிழைத்து, உச்ச அளவான 127 போய்ச் சேரும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து, ரப்பர் பட்டியையும் பலகையையும் ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாசிக்காத நேரம் துணியால் மூடி வையுங்கள்.

ஒலியை நீட்டும் கால் பெடலை விட்டால் ஒலி நீள்கிறது, மிதித்தால் நிற்கிறது. (கொக்குவில்)

பெடலின் துருவம் (மிதித்தது, விட்டது என்று கீபோட் உணரும் முறை) தலைகீழாக மாறியிருக்கிறது. பெடலின் அடியில் சிறு சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள். இல்லையேல் கீபோட்டை ஓஃப் செய்து, பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டு ஓன் செய்யுங்கள்.