ஒரே நேரத்தில் இருபது விண்டோ திறந்து வேலை செய்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? விர்ச்சுவல் டெஸ்க்டாப் உண்மையிலேயே உதவுமா?

உதவுமுங்க. விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்றால், ஒரே கம்ப்யூட்டரில் தனித்தனி மேஜைகள் போலப் பல திரைகளை வைத்து, விண்டோக்களை அவற்றில் பிரித்துப் போடுவது. ஆனால் எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர்கள் (வாங்கும் கம்பெனிகள்) தரும் ஆர்டர்களைக் கவனிப்பவனாக இருக்கிறேன். ஒரு ஆர்டர் என்றாலே பையரின் மெயில், டெக் பேக் (துணியின் அளவு, டிசைன் விவரங்கள்) பிடிஎஃப், விலைக் கணக்குப் போடும் காஸ்டிங் எக்ஸெல், நூல் கணக்கு, டையிங் விவரம் என்று ஐந்தாறு விண்டோ திறந்துவிடும். மூன்று பையர் கையில் இருந்தால் நீங்கள் சொல்லும் இருபது சர்வ சாதாரணம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மெயிலுக்கு ஒரு டெஸ்க்டாப், எக்ஸெல்லுக்கு ஒன்று, பிரவுசருக்கு ஒன்று என்று பிரிக்கிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் ஒரே வேலைக்கு மூன்று பக்கமும் அலைய வேண்டும். கொஞ்ச நாளில் வெறுத்துப்போய் விட்டுவிடுவார்கள். வேலை வாரியாகப் பிரியுங்கள். எனக்கு அது பையர் வாரியாக. டையிங் யூனிட்டிலிருந்து போன் வரும்: "ஏனுங்க, அந்த நேவி ப்ளூ லேப் டிப் அப்ரூவல் வந்துருச்சுங்களா?" (லேப் டிப் என்பது பையர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய சாய மாதிரித் துணி.) அந்தப் பையரின் டெஸ்க்டாப்புக்குத் தாவினால் மெயிலும் டெக் பேக்கும் அங்கேயே இருக்கும். பேசிக்கொண்டே பதில் சொல்லிவிடலாம்.

இந்த யோசனை பழையது. ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 1986-லேயே 'ரூம்ஸ்' என்று ஒன்றைச் செய்து கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு வேலைக்கு வேண்டிய விண்டோக்கள் கூட்டமாகத்தான் புழங்குகின்றன, அந்தக் கூட்டத்துக்கு ஒரு அறை கொடு என்பதுதான் அவர்கள் கண்டது. விண்டோஸில் இந்த வசதி எல்லார் கைக்கும் வந்தது 2015-ல், விண்டோஸ் 10-உடன்.

விண்டோஸ் கீயும் கன்ட்ரோலும் சேர்த்து டி அழுத்தினால் புது டெஸ்க்டாப். அதே இரண்டோடு இடது, வலது அம்புக்குறி அழுத்தினால் மாறலாம். அதே இரண்டோடு எஃப்4 அழுத்தினால் அந்த டெஸ்க்டாப் மூடும். பயப்பட வேண்டாம், அதில் திறந்திருந்தவை பக்கத்து டெஸ்க்டாப்புக்குப் போய்விடும். விண்டோஸ் கீயும் டேப்பும் அழுத்தினால் எல்லாம் ஒரே திரையில் தெரியும். அங்கே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிடுங்கள். விண்டோஸ் 11 என்றால் வால்பேப்பரையும் தனித்தனியாக மாற்றலாம். எந்தப் பையரிடம் நிற்கிறோம் என்று நிறத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். வாட்ஸ்அப் போல எப்போதும் வேண்டிய விண்டோவை, விண்டோஸ் கீயும் டேப்பும் அழுத்தினால் வரும் அதே திரையில் ரைட் கிளிக் செய்து எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நாம் செட்டிங்கை மாற்றாதவரை, ஆல்ட் டேப் அழுத்தினால் அந்த டெஸ்க்டாப்பில் உள்ளவை மட்டும்தான் வரும். காஸ்டிங் ஷீட் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு பையரின் விலை இன்னொரு பையரின் மெயிலுக்குள் போனால் அந்த ஆர்டரின் கதி என்ன? அந்தப் பயம் பாதி குறைகிறது.

கம்ப்யூட்டர் வேகமாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எல்லா விண்டோவும் ராம் மெமரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எட்டு ஜிபி மெஷின் திணறினால் தேவையில்லாத டேப்களை மூடுவதுதான் வழி.

அப்புறம், ரீஸ்டார்ட் செய்தால் டெஸ்க்டாப்புகளும் பெயர்களும் அப்படியே இருக்கும், திறந்திருந்த ஃபைல்கள் தானாக அந்தந்த இடத்துக்குத் திரும்பாது. அதனால் பையருக்கு ஒரு ஃபோல்டர் வைத்து, அன்றாடம் வேண்டிய ஃபைல்களின் ஷார்ட்கட்டுகளை அதில் போட்டு வையுங்கள். காலையில் அந்த டெஸ்க்டாப்புக்குப் போய், ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் போதும்.