‘நண்பர்கள்’ என்று வைத்தும் மேலாளர் பார்த்தது எப்படி?

முகநூலில் ‘நண்பர்கள்’ மட்டும் பார்க்கும்படி நீங்கள் போட்ட தைப்பூசப் படங்களை உங்கள் மேலாளர் எப்படிப் பார்த்தார் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பதிவில் நீங்கள் டேக் செய்ததாக, அதாவது பெயரை இணைத்ததாகச் சொன்ன அண்ணி வழியாகத்தான் போயிருக்கும். முகநூலில் ‘நண்பர்கள்’ என்று வைத்துவிட்டு ஒருவரை டேக் செய்தால், அவருடைய நண்பர்களுக்கும் அந்தப் பதிவு தெரியும். உங்கள் பட்டியலில் இல்லாத மேலாளர் பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்களைப் பார்த்தது அப்படித்தான். பினாங்கு சின்ன ஊர், அண்ணிக்கும் அவருக்கும் பழக்கம் இருப்பதில் அதிசயமில்லை. (அது எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு எடுத்த நாளா? சரி, கேட்கவில்லை.)

முதலில் அண்ணியின் நண்பர் பட்டியலில் மேலாளர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் டேக்கை எடுத்துவிடுங்கள், போதும். டேக் வேண்டும் என்றால், பதிவை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் ‘கஸ்டம்’ போய், டேக் செய்யப்பட்டவரின் நண்பர்களுக்குக் காட்டும் குறியை எடுங்கள்.

அண்ணியின் பட்டியலில் மேலாளர் பெயர் இல்லாவிட்டால், பதிவில் நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் படத்தைக் கவனியுங்கள். பூமி உருண்டை இருந்தால் ஊருக்கே திறந்த பதிவு அது. பழைய பதிவுகளில் அடிக்கடி மாட்டுவது இதுதான். அவற்றை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்ற அமைப்புகளில் வழி இருக்கிறது.

அப்புறம் ஒன்று, அதே படங்களை அண்ணி தன் பக்கத்தில் தனியாகப் போட்டிருந்தால் உங்கள் அமைப்பு எதுவும் செல்லாது. அவரிடம்தான் சொல்ல வேண்டும்.