ரசம் சுண்டினால்

அன்புள்ள அண்ணா,

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். எனக்கு அறிவியலை எளிமையாக எழுதப் பிடிக்கும். ஆராய்ச்சி நிறுவனங்களில் மக்கள் தொடர்பு வேலை இருக்கிறதாமே, அதை நம்பி இறங்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

இறங்கலாம். ஆனால் எழுதுவதற்கும் மக்கள் தொடர்புக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதைப் பார்த்துத் தாண்டுங்கள்.

ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் 2013-ல் வருவதற்கு முந்தைய காலம். பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில், தண்ணீரில் கரைந்து வந்து மிஞ்சினால் பல்லைக் கறையாக்கும் ஃப்ளூரைடு பற்றிப் பேசப் போயிருந்தேன். அங்கே குடிக்கப் போர் தண்ணீர்தான். பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும், உங்களுக்குத் தெரியாததா. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அட்டையெல்லாம் எழுதிக்கொண்டு போய் அரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் ஒரு பாட்டி, “நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம் சாமி” என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அளவு ஏறத்தான் செய்யும். இது என் அட்டையில் எங்குமே இல்லை. தட்டுத் தடுமாறி விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் மருமகள் குறுக்கே வந்தார்: “ரசம் சுண்டினா உப்பு கரிக்குமே, அது மாதிரியா?”

அதே மாதிரிதான். அட்டையை அன்று ராத்திரியே மாற்றி எழுதினேன்.

அப்புறம் ஒரு நிறுவனத்தில் பத்திரிகைச் செய்தி எழுதும் வேலை. சம்பளம் தேதி தவறாமல் வந்தது, அதில் குறையில்லை. ஏதோ மூலிகைச் சாறு எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று ஓர் ஆய்வு. ‘எலிகளில் மட்டும்’ என்று நான் எழுதியிருந்ததை மேலதிகாரிகள் அடித்துவிட்டார்கள். செய்தி வெளியான மறுநாள் அரூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தச் சாற்றைக் குடிக்கலாமா என்றார். கூடவே கூடாது என்றேன். அதற்கும் ஆபீசில் ஏச்சு விழுந்தது. எந்த வேலைக்குப் போனாலும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்: செய்தியில் கடைசியாகக் கை வைப்பது யார், ஆய்வு செய்தவர் கண்ணில் அது படுமா என்று.

அரசு வேலையை மட்டும் நம்பவேண்டாம். அறிவியல் பரப்பவென்றே மத்திய அரசு 1989-ல் தொடங்கிய விஞ்ஞான் பிரசாரையே 2023-ல் மூடிவிட்டார்கள். அதனால் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பி.எட். படியுங்கள், குறுக்கே கேள்வி கேட்பவர்கள் வகுப்பில்தான் நிறைய. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழுக்கும் எழுதிப் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். ஆர்.ஓ. மெஷின் ஃப்ளூரைடை எப்படிப் பிரிக்கிறது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் நிறுத்தினார் என்று எனக்கு எழுதுங்கள்.