பர்மாக்காரர்களுக்காக நாம் ஏன் நிற்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

மயூர் விஹாரில் இருக்கிறேன். எங்கள் பாட்டி 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். துறைமுகத்தில் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். விகாஸ்புரியில் இருக்கும், பர்மாவின் சின் இன அகதிகள் ஜந்தர் மந்தரில் கூட்டம் போடுகிறார்கள், நீயும் வா என்று என்னோடு வேலை செய்யும் பெண் கூப்பிடுகிறாள். நம்மைத் துரத்தியவர்களுக்காக நாம் ஏன் போய் நிற்க வேண்டும்? அதுவும் இப்போது துப்பாக்கி வேறு எடுத்துவிட்டார்கள்.

வாசகி, டெல்லி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டியைத் துரத்தியது நே வின்னின் ராணுவ அரசு. 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்தவர்கள், ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நம்மவர்களின் கடைகளைப் பிடுங்கியதும் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதாக்கியதும் இரண்டு வருடம் கழித்துத்தான்.

பர்மியர்களுக்கு நம் மீது வெறுப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1930லும் 1938லும் கலவரம் நடந்தது. வயல்கள் செட்டியார்கள் கைக்குப் போன ஆத்திரமும் அங்கே இருந்தது. 2017இல் ஏழு லட்சம் ரோஹிங்கியா முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. இதே டெல்லியில் லேடி ஸ்ரீராம் கல்லூரியில் படித்த, அப்போது அந்நாட்டு அரசை நடத்திவந்த ஆங் சான் சூச்சி, தி ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போய் அந்த இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் 2021 பிப்ரவரிக்குப் பிறகு ஏதோ மாறியது. ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு பாத்திரத்தைத் தட்டினார்கள். பேயை ஓட்ட அங்கே அப்படித்தான் செய்வார்கள். டாக்டர்களும் ரயில்வே ஊழியர்களும் வேலைக்குப் போக மறுத்தார்கள். பெண்கள் தங்கள் லுங்கிகளைத் தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்டார்கள். அதன் அடியில் போனால் ஆண்மைக்கு இழுக்கு என்பது நம்பிக்கை, அவிழ்த்துப் போடாமல் உள்ளே வரச் சிப்பாய்கள் தயங்கினார்கள். ரோஹிங்கியாக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்ட இளைஞர்களும் உண்டு.

இத்தனைக்கும் பதிலாகக் கிடைத்தது குண்டு. வெறுங்கையோடு 1988இல் நின்றார்கள், 2007இல் பிக்குகளே நின்றார்கள், அப்போதும் இதே கதிதான். சின் மாநிலத்து ஊரான மிண்டாட்டில் சின் மக்கள் முதலில் எடுத்தது வேட்டைக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கட்டாயம் போங்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. விகாஸ்புரியில் பலருக்கு ஐ.நா. அட்டை ஒன்றுதான் ஆதாரம். இந்தி சரியாக வராதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகத் துணை தேவைப்படுமா என்றும் அங்கே கேட்டுப் பாருங்கள்.