பின் பெஞ்சிலிருந்து படியுங்கள்

கேள்வி: கல்விச் சமூகவியல் தேர்வுக்கு ஆய்வு முறைகளைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையின் நிறைகுறைகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் பாதி மதிப்பெண்தான். 'பொதுப்படையாக இருக்கிறது' என்று சுழித்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சுழித்தவர் பக்கம்தான் நான். 'வினாநிரல் செலவு குறைந்தது, பலரிடம் சீக்கிரம் கொடுக்கலாம்' என்பதை சோப்பு விற்பனை ஆய்வுக்கும் எழுதலாமே! ஆய்வு பள்ளிக்குள் நுழைந்ததும் என்ன மாறுகிறது? மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

நான் முதல்முறை களத்துக்குப் போனபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வினாநிரல் கொடுத்தேன். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் பாதிப் பேர் 'வேலை' என்று எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதில் அவன் பெயரையும் சேர்த்தே எழுதிவிட்டாள். யார் போய்க் கேட்டிருந்தாலும் அந்த 'வேலை'தான் வந்திருக்கும்; ஆக, நம்பகத்தன்மைக்குக் குறைவில்லை. ஏற்புடைமைதான், அதாவது அறிய நினைத்ததையே உண்மையில் அறிவதுதான், போயே போய்விட்டது. இந்த இரண்டு சொற்களையும் நான் அதற்கப்புறம் குழப்பிக்கொண்டதே இல்லை.

சரி, உற்றுநோக்கலாம் என்று பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "நாளைக்கும் வருவீங்களா மிஸ்? நீங்க இருந்தா சார் திட்டவே மாட்டேங்கிறார்." அதுவரை நான் பக்கம் பக்கமாக எடுத்திருந்த குறிப்புகள் நான் இருந்த வகுப்பைப் பற்றியவை மட்டும்தான்.

ஆய்வுகளையும் இப்படிக் குடைந்து குடைந்து படியுங்கள். ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையின் வளர்ச்சியை மாற்றுமா என்று பார்க்க, ரோசெந்தாலும் ஜேக்கப்சனும் (1968) ஓர் அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் 20 சதவீதப் பிள்ளைகளைக் குலுக்கல் போல எடுத்து, 'இவர்கள் சீக்கிரமே முன்னுக்கு வருவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆசிரியர்களை ஏமாற்றியதை எல்லாரும் எழுதுவார்கள். மீதி 80 சதவீதத்தின் கதி என்ன என்று கேளுங்கள். பால் வில்லிஸ் (1977) இங்கிலாந்தில் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் 12 பேரோடு நெருங்கிப் பழகி, அவர்களின் பள்ளி வாழ்க்கையைப் பற்றி எழுதினார். கோல்மன் அறிக்கை (1966) அமெரிக்காவில் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் கல்வித் தேர்ச்சியை அளந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆழமா, பரப்பா என்ற விவாதம் தானாக வந்துவிடும்.

அப்புறம், நிறைகுறை அட்டவணையை மூடிவிட்டு தினம் ஒரு தலைப்பையும் ஒரு முறையையும் கோத்துப் பாருங்கள். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? பிள்ளை யாருக்குப் பயந்து பதில் சொல்வான்? பதிவேட்டை எழுதியவர் யார்? முதல் நாளுக்கு நானே ஒன்று தருகிறேன்: 'மட்டம் போடும் மாணவர்களைப் பற்றி வகுப்பறையில் வினாநிரல் கொடுத்து ஆராய்க.' கொடுக்கப் போகும் நாளில் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதிலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.